நிலை அலைக்கு வேகம் உண்டா? – தாத்தாவின் பறையும் இராமனின் மிருதங்கமும்



படிப்பது பி.காம். ஆனால் இந்தக் கட்டுரை இயற்பியல் வரலாறு பற்றியது. "உனக்கெதற்கு இந்த வேலை?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையின் நாயகரும் கணக்கு வழக்குத் துறையில் சம்பளம் வாங்கியவர்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

பள்ளியில் இயற்பியல் படித்தபோது ஒரு கேள்வி என்னைப் பாடாய்ப் படுத்தியது. முன்னேறு அலைக்கு வேகம் உண்டு, புரிகிறது. குளத்தில் கல்லை எறிந்தால் வட்டம் வட்டமாக அலை ஓடுகிறது. அதன் வேகம், அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் வருவது. சரி, நிலை அலை? அதன் பெயரே நிலை அலை. ஓடாமல் நின்ற இடத்திலேயே குதிக்கிற அலை. ஆனால் கணக்கில் மட்டும் அதே சூத்திரத்தைப் போட்டு வேகம் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். நிற்கிற ஒன்றுக்கு எப்படி வேகம் வரும்? தேர்வில் சூத்திரத்தை எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டேன். ஆனால் புரியவில்லை.

புரிந்தது பல ஆண்டுகள் கழித்து, ஆம்பூரில் எங்கள் வீட்டு வாசலில், தாத்தா பறையைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தபோது.

தாத்தா ஒரு தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புப் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர். மாரியம்மன் திருவிழா வந்தால் பறை அடிப்பார். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி, பறையை அதன் மேல் காட்டிக் காட்டி எடுப்பார். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார். முதலில் 'தொம்' என்று சோம்பலாக இருக்கும் சத்தம், சூடேற ஏற 'டண்' என்று தெறிக்கும். "ஏன் தாத்தா காய்ச்சறீங்க?" என்றால், "தோலு தண்ணி குடிச்சிருக்குதுப்பா. தண்ணி போனாத்தான் தோலு இறுவும், சத்தம் ஓடும்" என்பார்.

'சத்தம் ஓடும்' என்றார் பாருங்கள், அந்த வார்த்தையில் எனக்கு வேண்டிய விடை இருந்தது. எனக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஓடுவதும் நிற்பதும்

ஒரு கயிற்றின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டுங்கள். மறுமுனையைக் கையில் பிடித்து ஒரு முறை உதறுங்கள். ஒரு மேடு ஓடிப்போய்ச் சன்னலில் மோதித் திரும்பி வரும். இது முன்னேறு அலை. இப்போது விடாமல் உதறிக்கொண்டே இருங்கள். போகிற அலையும் மோதித் திரும்புகிற அலையும் ஒன்றின் மேல் ஒன்று விழும். உதறும் வேகம் சரியாக அமைந்தால் திடீரென்று ஓட்டம் நின்றுவிட்டது போல் தோன்றும். சில புள்ளிகள் அசையவே அசையாது, அவை கணுக்கள். அவற்றுக்கு இடையே கயிறு வயிறு போல் உப்பி உப்பி அடங்கும், அவை எதிர்க்கணுக்கள். இதுதான் நிலை அலை.

என் பாடத்தில் இருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கடையில் ஒரு நாளில் ஒரு லட்சம் ரூபாய் வரவு, ஒரு லட்சம் ரூபாய் செலவு. மாலையில் நிகர மாற்றம் பூஜ்யம். இருப்பை மட்டும் பார்க்கிறவர் "இன்று வியாபாரமே நடக்கவில்லை" என்று சொன்னால் சிரிப்போம் அல்லவா? நிலை அலையும் அப்படித்தான். வலப்பக்கம் போகும் அலை கொண்டுசெல்லும் ஆற்றலை, இடப்பக்கம் வரும் அலை அதே அளவு திருப்பிக் கொண்டுவருகிறது. நிகரப் போக்குவரத்து பூஜ்யம். ஆனால் உள்ளே இரண்டு அலைகளும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. நாம் கணக்கில் கண்டுபிடிக்கும் வேகம் அந்த இரண்டு அலைகளின் வேகம். அலையின் வடிவம் நிற்கிறது, அதை உண்டாக்கும் அலைகள் நிற்கவில்லை.

எண்களில் பார்ப்போம். தம்புராவின் ஒரு தந்தி 1 மீட்டர் நீளம், அது நொடிக்கு 130 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை அதிர்வில் தந்தியின் நீளம் அலைநீளத்தில் பாதி. ஆகவே அலைநீளம் 2 மீட்டர், வேகம் 130 × 2 = நொடிக்கு 260 மீட்டர். இதை வேறு விதமாகச் சொன்னால், ஓர் அலை தந்தியின் ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனைக்குப் போய்த் திரும்பி வர 2 மீட்டர் ஓட வேண்டும். நொடிக்கு 260 மீட்டர் ஓடினால் ஒரு நொடியில் 130 முறை போய்வரலாம். அந்த 130-தான் நம் காதில் விழும் சுருதி. அதாவது, அலை ஒரு நொடிக்குள் எத்தனை நடை போய்வந்தது என்பதன் எண்ணிக்கையே சுருதி!

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. அலையின் வேகம் வேறு, தந்தியின் துகள் மேலும் கீழும் அசையும் வேகம் வேறு. அதே தந்தி நடுவில் 1 மில்லிமீட்டர் வீச்சில் அதிர்ந்தால், அந்த இடத்தின் உச்ச வேகம் நொடிக்கு சுமார் 0.8 மீட்டர்தான். நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. அலையோ 260 மீட்டர். இரண்டையும் ஒன்றாக நினைத்ததும் என் பழைய குழப்பத்துக்கு ஒரு காரணம்.

சரி, அந்த 260-ஐ முடிவு செய்வது யார்? இரண்டே விஷயங்கள். ஒன்று தந்தியின் இழுவிசை, மற்றொன்று ஒரு மீட்டர் தந்தியின் நிறை. இழுவிசையை நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம். இறுக்கினால் வேகம் கூடும், கனமானால் குறையும். வர்க்கமூலம் என்பதால், வேகம் இரண்டு மடங்காக வேண்டுமானால் இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும்.

தாத்தாவின் வைக்கோல் தீ இப்போது புரிகிறதா? ஈரம் போனால் தோல் சுருங்கி இறுகுகிறது, இழுவிசை கூடுகிறது. போன தண்ணீரின் எடையும் குறைகிறது. இரண்டுமே அலையின் வேகத்தைக் கூட்டுகின்றன. வேகம் கூடினால் ஒரு நொடியில் நடை கூடும், சுருதி ஏறும். சத்தம் ஓடத்தான் செய்கிறது!

ஐரோப்பாவில் நடந்த நூற்றாண்டு வாக்குவாதம்

இந்த எளிய விஷயம் அவ்வளவு எளிதில் கிடைத்துவிடவில்லை. தந்தியின் நீளம், இழுவிசை, கனம் ஆகியவற்றுக்கும் சுருதிக்கும் உள்ள உறவை பிரான்ஸைச் சேர்ந்த மெர்சென் என்ற பாதிரியார் 1636-ல் எழுதி வைத்தார். அதே நாட்டின் சோவர் 1701-ல் அதிரும் தந்தியில் அசையாத கணுக்கள் இருப்பதை விளக்கினார். 1747-ல் தலம்பேர் அலைச் சமன்பாட்டை எழுதி, தந்தியின் எந்த அசைவையும் எதிரெதிரே ஓடும் இரண்டு அலைகளாகப் பிரிக்கலாம் என்று காட்டினார். 1753-ல் டேனியல் பெர்னூலி, "இல்லை, எந்த அசைவும் பல நிலை அதிர்வுகளின் கூட்டுத்தொகை" என்றார். ஆய்லரும் சேர்ந்துகொள்ள, மூவருக்கும் இடையே பெரிய வாக்குவாதம். ஒருவர் ஓடும் அலையைப் பிடித்துக்கொண்டார், மற்றவர் நிற்கும் அலையைப் பிடித்துக்கொண்டார். 19-ஆம் நூற்றாண்டில் ஃபூரியேயின் கணிதம் வந்த பிறகுதான் இரண்டும் ஒரே உண்மையின் இரண்டு முகங்கள் என்பது தெளிவானது. இவ்வளவு பெரிய மேதைகளே குழம்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தபோது, நாம் குழம்பியதில் தப்பில்லை என்று நிம்மதியாக இருந்தது :-)

நிலை அலை என்ற பெயரைக் கொடுத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த பிரான்ஸ் மெல்டே, 1860-ஐ ஒட்டி. இசைக்கவையில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கப்பியில் போட்டு எடைத்தட்டைத் தொங்கவிடும் சோதனையைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பலர் செய்திருப்பீர்கள். அது அவருடையது. நூல் இசைக்கவையின் அதே அதிர்வெண்ணில் ஆடும்போது, எடையை நான்கு மடங்காக்கினால் வேகம் இரட்டிக்கும், வளையங்களின் எண்ணிக்கை பாதியாகும். கண்ணால் பார்க்கவே முடியாத வேகத்தை, நிற்கிற வளையங்களை எண்ணியே அளந்துவிடலாம். ஓடுவதை அளக்க நிற்பதைப் பார்த்தால் போதும் என்பது எவ்வளவு அழகான தந்திரம்!

கணக்குத் துறையில் ஓர் இயற்பியலாளர்

இனி நம் நாயகர். சந்திரசேகர வேங்கட இராமன், 1888 நவம்பர் 7-ஆம் தேதி திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. அந்தக் காலத்தில் இந்தியாவில் ஆராய்ச்சி செய்து பிழைக்க வழியில்லை. எனவே நிதித் துறைத் தேர்வு எழுதி, 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். அப்போது வயது 18. வணிகவியல் மாணவர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

கல்கத்தாவில் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பு இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-ல் தொடங்கியது. அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் இராமன் அங்கே போய் ஆராய்ச்சி செய்தார். நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலாகி, 1911-ல் மறுபடி கல்கத்தா வந்தார். 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி கிடைத்தபோது, அதிகச் சம்பளமுள்ள அரசு வேலையை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு ஆசிரியரானார்.

இராமன் என்றாலே ஒளிச்சிதறல், 1928 பிப்ரவரி 28, 1930-ல் நோபல் பரிசு என்றுதான் நமக்குத் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய அவருடைய ஆராய்ச்சியில் ஒரு பெரிய பகுதி அதிர்வுகளும் இசைக்கருவிகளும்தான். 1909-ல் ஏக்தாரா என்ற ஒற்றைத் தந்திக் கருவியைப் பற்றி எழுதினார். மெல்டேயின் சோதனையை எடுத்துக்கொண்டு அதைப் பல விதமாக விரித்தார். 1912-ல் அதிர்வுகளைத் தொடர்ந்து நிலைநிறுத்துவது பற்றி அவர் எழுதிய நீண்ட ஆய்வு அந்தக் கழகத்தின் வெளியீடாக வந்தது. 1921-ல் தம்புராவும் வீணையும் பற்றிய ஆய்வு. மெல்லிய மேடாக வளைந்த அவற்றின் குதிரை, தந்தியின் மேல்சுரங்களை எப்படிச் செழிப்பாக்குகிறது என்று காட்டினார்.

இவற்றுக்கு நடுவே, 1920-ல், சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். விஷயம் நம் மிருதங்கமும் தபலாவும்.

தோல் ஏன் பாடாது?

தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு மேல்சுரங்களும் பிறக்கின்றன. அவற்றின் அதிர்வெண்கள் 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்கான விகிதத்தில் இருக்கும். அதனால்தான் காதுக்கு அது ஒரே சுரமாக, இனிமையாகக் கேட்கிறது.

தோல் அப்படியில்லை. வட்டமான சட்டத்தில் இழுத்துக் கட்டிய சீரான தோலில் அலை எல்லாத் திசையிலும் ஓடுகிறது. விளிம்பில் மோதித் திரும்புகிறது. நிலை அலை உண்டாகிறது. ஆனால் இங்கே கணு என்பது புள்ளி அல்ல, கோடு. சில அதிர்வுகளில் வட்டத்தின் விட்டம் அசையாமல் நிற்கும், சிலவற்றில் உள்ளே ஒரு வட்டம் அசையாமல் நிற்கும். இவற்றின் அதிர்வெண்களை 19-ஆம் நூற்றாண்டில் கணக்கிட்டார்கள். விகிதம் இப்படி வரும்: 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92. எதுவும் எதோடும் ஒட்டவில்லை. அதனால் சாதாரண முரசில் சத்தம் வரும், தெளிவான சுரம் வராது. தோற்கருவிகளின் மேல்சுரங்கள் பொதுவாக ஒழுங்கான விகிதத்தில் அமையாதவை என்பதே இயற்பியலில் இருந்த கருத்து.

ஆனால் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கிறார்களே! பாடகரின் ஆதார சட்ஜத்தோடு வலந்தலை ஒட்டி நிற்கிறதே! இராமன் கேட்ட கேள்வி இதுதான். அவரும் குமாரும் சோதித்துப் பார்த்தபோது, மிருதங்கம், தபலா ஆகியவற்றின் மேல்சுரங்கள் தந்தியைப் போலவே 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் இருப்பதைக் கண்டார்கள்.

1934-ல், தாம் பெங்களூரில் அதே ஆண்டு தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் இதழில், இராமன் இதை விரிவாக எழுதினார். ஆய்வு முறை மிக எளிமையானது. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, விரலால் சில இடங்களைத் தொட்டுக்கொண்டு அடித்தால், அதிரும் இடத்திலிருந்து மணல் துள்ளி ஓடி, அசையாத கணுக்கோடுகளில் போய்ச் சேரும். ஜெர்மனியின் க்ளாட்னி 1787-ல் உலோகத் தகடுகளில் செய்து காட்டிய அதே வழி. இராமன் கண்டது என்னவென்றால், மிருதங்கத் தோலின் ஒன்பது விதமான நிலை அதிர்வுகள் ஐந்தே ஐந்து சுரங்களில் அடங்கிவிடுகின்றன. முதல் சுரத்தில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு, நான்காவதில் இரண்டு, ஐந்தாவதில் மூன்று. தனித்தனியாக அலைய வேண்டிய ஒன்பது பேரை ஐந்து வீட்டில் குடிவைத்தது போல!

குடிவைத்தது யார்? வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம். கரணை என்றும் சோறு என்றும் சொல்வார்கள். இரும்புத் தாது கலந்த ஒரு வகைக் கறுப்புக் கல்லை நன்றாகப் பொடித்து, வடித்த சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாக ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள்.

அது செய்யும் வேலையை நம் வேகச் சூத்திரத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம். தோலின் இழுவிசை எங்கும் ஒன்றுதான். ஆனால் நடுவில் கனம் கூடுகிறது. எனவே அலை விளிம்புப் பக்கம் வேகமாக ஓடுகிறது, நடுவில் கரணைக்கு வந்தால் மெதுவாகிறது. ஓர் இடத்தில் கனம் நான்கு மடங்கானால் அங்கே வேகம் பாதி. அடிப்படை அதிர்வில் தோலின் நடுப்பகுதிதான் அதிகம் அசைகிறது, எனவே அதன் சுருதி நன்றாக இறங்கிவிடுகிறது. விட்டம் அசையாமல் நிற்கும் அதிர்வுகளில் நடுப்பகுதிக்கு அவ்வளவாக வேலையில்லை, எனவே அவை கொஞ்சம்தான் இறங்குகின்றன. கீழே இருப்பது அதிகம் இறங்கி, மேலே இருப்பது குறைவாக இறங்கினால் இடைவெளி கூடும். 1.59 என்று இருந்தது 2 ஆகிறது. 2.14-உம் 2.30-உம் 3-ல் வந்து சந்திக்கின்றன. கரணையின் அகலமும் கனமும் சரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சுரம் கலையும்.

விளிம்பைச் சுற்றி வளையமாக இருக்கும் மேல்தோலுக்கும் வேலை உண்டு. ஐந்துக்கு மேற்பட்ட தேவையில்லாத மேல்சுரங்களை அது அமுக்குகிறது என்று இராமன் விளக்கினார். வித்வான் 'நம்' என்று அடிக்கும்போது மோதிர விரல் தோலை மெல்லத் தொட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தத் தொடுகை அங்கே ஒரு கணுவை உண்டாக்கி, அடிப்படைச் சுரத்தை அடக்கி, இரண்டாவது சுரத்தை மட்டும் பாட விடுகிறது. சுருதி சேர்க்கும்போது ஒரு சிறு கல்லும் மரத்துண்டும் வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுவதும் இதற்காகத்தான். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால், ஒரு திசையில் ஓடும் அலைக்கு ஒரு வேகம், இன்னொரு திசையில் வேறு வேகம். ஒரே சுரமாக இருக்க வேண்டியது இரண்டாகப் பிளந்து அலைபாயும்.

பின்னர் 1954-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மன்மோகன் சோந்தியும், நடுவில் கனமான வட்டம், வெளியே இலேசான வளையம் என்ற அமைப்பைக் கணிதமாகவே தீர்த்து, விகிதங்கள் ஏறக்குறைய முழு எண்களாக வருவதைக் காட்டினார்கள். கைப்பழக்கத்தில் இருந்ததைக் கணிதம் வந்து சேர்ந்து பிடிக்க இவ்வளவு காலம் ஆயிற்று.

சோறு வைத்த கை யாருடையது?

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. கணக்கைத் தீர்த்தவர்களின் பெயர்கள் எல்லாம் நமக்குத் தெரியும். மேலே எத்தனை பெயர்களை நானே எழுதியிருக்கிறேன் பாருங்கள். ஆனால் கரணையை எவ்வளவு அகலம், எவ்வளவு கனம் வைக்க வேண்டும் என்று காதாலேயே கண்டுபிடித்தவர் யார்? நம் பாடப்புத்தகங்களில் 'பண்டைய இந்தியர்கள்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்த வார்த்தைக்குள் யார் இருந்தார்கள்?

மிருதங்கத்துக்கு மாடு, ஆடு, எருமை என மூன்று விலங்குகளின் தோலும் வேண்டும். அதைத் தேர்ந்து, உரித்து, காயவைத்து, வார் பிடித்துக் கட்டியவர்கள் பெரும்பாலும் தலித் சமூகத்தவர்கள். டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலில் இவர்களின் வரலாற்றை எழுதினார். தஞ்சாவூரில் செபாஸ்டியன் என்பவரின் பரம்பரை, பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து என்று பல பெயர்கள் அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தன. அந்த நூலின் வெளியீட்டு விழாவுக்குச் சென்னை கலாக்ஷேத்ரா அளித்த அனுமதியைத் திரும்பப் பெற்றதும், விழா வேறு இடத்தில் நடந்ததும் அன்றைய செய்திகளில் வந்தன.

எங்கள் பகுதிக்கும் மிருதங்கத்துக்கும் உறவு இல்லாமல் இல்லை. 2004-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற வேலூர் ராமபத்ரன், ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு கடைசி வரை வைத்திருந்தவர். 2012-ல் மறைந்தார். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது தோல் வாசனையும் பாலாறும்தான். பாலாற்றின் மாசு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு சட்ட மாணவர்களுக்குப் பாடமாகவே இருக்கிறது. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. வாசனை மட்டும் பிரியவில்லை. வேலூரில் கல்லூரி சேர்ந்த புதிதில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "ஆம்பூரா? தோல் நாற்றம் எப்படித் தாங்கறீங்க?" என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன். தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால் 'கம்பெனியில்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எழுதுவதற்கு இப்போதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். ஆம்பூரில் பதனிடும் தோல் வேறு, பறைக்கும் மிருதங்கத்துக்கும் போகும் தோல் வேறு. முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும், இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பும் போட்டுப் பதனிட்டால் தோல் அழுகாது, வளையும், செருப்பாகும். ஆனால் பாடாது. உள்ளே போன பொருள்களும் எண்ணெயும் அதை மெத்தென்று ஆக்கி, அதிர்வைக் குடித்துவிடும். இசைக்கு வேண்டியது பதனிடாத, காய்ந்து விறைத்த தோல். தாத்தாவிடம் இதைக் கேட்டேன். ஒரு தோலைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாலே முதுகுப் பக்கம் எது, வயிற்றுப் பக்கம் எது, எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று சொல்வார். "ஒரே மாதிரி தோலு இருக்கிற எடமா பாத்து வெட்டணும். இல்லன்னா பறை ஒரு பக்கம் பேசும், ஒரு பக்கம் பேசாது" என்றார். புத்தகம் 'சீரான படலம்' என்று ஒரே வார்த்தையில் எடுத்துக்கொள்வதை இவர் ஒவ்வொரு தோலாகத் தேடியிருக்கிறார்.

பறைக்கு என்ன குறை?

இராமனின் கணக்குப்படி பார்த்தால் பறையில் கரணை இல்லை, எனவே அது முழு எண் விகிதத்தில் பாடாது. அப்படியானால் அது மட்டமான கருவியா? இங்கே நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். பாடகரோடு ஒட்டி உட்கார்ந்து வாசிக்கிற கருவிக்குச் சுருதி வேண்டும். திறந்தவெளியில் ஊரையே கூப்பிடுகிற கருவிக்கு வேண்டியது தெறிப்பும் தூரமும். எந்தச் சுருதியிலும் சேராததால் அது எந்தப் பாட்டோடும் மோதுவதில்லை. இடக்கையில் நீளமான சிண்டுக் குச்சி, வலக்கையில் அடிக்குச்சி, அந்த இரண்டு குச்சியின் வேறுபாட்டிலேயே ஒரு மொழி இருக்கிறது. ஒழுங்கான விகிதம் இல்லை என்பது இயற்பியல். அதனால் அது தாழ்ந்தது என்பது இயற்பியல் அல்ல. 2025-ல் மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, தாத்தா செய்தியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பறையைத் துடைத்து வைத்தார்.

போன ஆடி மாதம் இராமன் செய்ததை நாங்களும் செய்து பார்த்தோம். பறையைக் காய்ச்சி, படுக்க வைத்து, மேலே வறுத்த ரவையைத் தூவினேன். தாத்தா ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஓரத்தில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தார். ரவை துள்ளியது, ஓடியது, கொஞ்ச நேரத்தில் குறுக்கே ஒரு கோடாகச் சேர்ந்து நின்றது. நேர்க்கோடு இல்லை, கொஞ்சம் கோணல். ஆனால் கணுக்கோடுதான். தாத்தா குனிந்து பார்த்து, "இது ஏன் இங்க மட்டும் நிக்குது?" என்று கேட்டார்.

"அந்தப் பக்கமிருந்து வர்ற அலையும் இந்தப் பக்கமிருந்து வர்ற அலையும் இங்க சமமா மோதுது தாத்தா. அதான் இந்த எடம் அசையல. மத்தபடி எல்லாம் ஓடிக்கிட்டேதான் இருக்கு" என்றேன்.

"அதத்தான் நானும் சொன்னேன், சத்தம் ஓடும்னு" என்றார்.

உங்கள் வீட்டில் பறை இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு அகலமான பாத்திரத்தின் வாயில் பிளாஸ்டிக் உறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, மேலே ரவையைத் தூவி, கைப்பேசி ஒலிபெருக்கியை அருகில் வைத்து ஒரே சுரத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். சில சுரங்களில் மட்டும் ரவை கோலம் போடும். பிறகு உறையை இன்னும் இறுக்கிக் கட்டிப் பாருங்கள். அதே கோலம் வர சுரம் ஏற வேண்டியிருக்கும். அலையின் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். செலவு ஒரு கைப்பிடி ரவை.

இப்போதெல்லாம் யாராவது கேட்டால், என் தாத்தா தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புப் பிரிவில் வேலை பார்த்தார், பறை அடிப்பார் என்று முழுசாகவே சொல்கிறேன்.